கானா சஃபாரி: பணம் கட்டும் முன் பர்மிட்டில் 'பஃபர்' என்று இருக்கிறதா பாருங்கள்

மும்பையிலிருந்து விடுமுறைக்கு மத்தியப் பிரதேசத்தின் கானா புலிகள் காப்பகத்துக்குப் போகத் திட்டமிடும் தமிழ்க் குடும்பங்களுக்காக இந்தப் பதிவு.

செம்பூரிலிருந்து இரண்டு குடும்பம், மொத்தம் ஆறு பேர். "மூன்று சஃபாரி, தங்கல், சாப்பாடு, பாரசிங்கா மான் கட்டாயம் பார்க்கலாம்" என்று வாட்ஸ்அப்பில் வந்த பேக்கேஜுக்கு முழுப் பணத்தையும் முன்னாலேயே கட்டிவிட்டார்கள். பர்மிட் கேட்டபோதெல்லாம் "அங்கே போனதும் கையில் கொடுப்போம்" என்ற பதில்தான். போய் இறங்கிய பிறகு பார்த்தால் இரண்டு பர்மிட் கட்டியா பஃபர், அதாவது காப்பகத்தின் வெளிவட்டக் காடு. மூன்றாவது முக்கி கேட், காலை ஷிஃப்ட். ஆனால் ரூம் போட்டிருந்தது கட்டியாவில். கட்டியாவிலிருந்து முக்கிக்கு வெளிச்சாலையில் சுற்றிப் போக ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். இருட்டோடு கிளம்பாததால் கேட்டைத் தாண்ட முடியவில்லை, அந்தப் பணமும் போயிற்று. பஃபரில் ஒரு கடமானைக் காட்டி, "இதுதான் பாரசிங்கா" என்று சொல்லியிருக்கிறார் ஏஜென்ட் அனுப்பிய ஆள். குழந்தைகள் அதை நம்பிப் படமெடுத்து வந்திருக்கிறார்கள். மனசுக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

பாரசிங்கா புல் மேயும் மான். அடர்ந்த காட்டில் இலை தழை தின்று பிழைக்காது, அதற்குத் திறந்த புல்வெளி வேண்டும். கானாவில் அந்தப் புல்வெளிகள் கோர் என்னும் நடுக்காட்டுப் பகுதிக்குள்தான் இருக்கின்றன. கானாவில் இருப்பது கெட்டியான தரையில் வாழும் கிளையினம்; அது 1970இல் வெறும் 66 ஆகச் சுருங்கி, கானாவில் மட்டுமே மிஞ்சி நின்றது. அங்கே காப்பாற்றிப் பெருக்கிய பிறகுதான் சாத்புரா, பாந்தவ்கர் காப்பகங்களுக்கும் கொண்டுபோய் விட்டார்கள். பஃபரில் புலிகூட எதிர்ப்படலாம். ஆனால் பாரசிங்காவுக்காகவே போகிறவர் பஃபர் டிக்கெட்டுக்குப் பணம் கொடுக்கக் கூடாது.

ஏமாற்று நடப்பது இப்படித்தான். தீபாவளி, கிறிஸ்துமஸ் சமயத்துக் கோர் பர்மிட் மாதக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும். ஏஜென்ட் முதலில் உங்கள் பணத்தை வாங்கிக்கொண்டு பிறகுதான் பர்மிட் தேடுவார். அப்போது கிடைப்பது பஃபர்தான். 'கட்டியா' என்ற பெயரும் அவருக்கு வசதியாகப் போய்விடுகிறது: கானா, கிஸ்லி என்ற கோர் பகுதிகளுக்கு நுழைகிற கேட்டும் கட்டியாதான், பஃபர் பகுதி ஒன்றின் பெயரும் கட்டியாதான். "கட்டியா கேட் சஃபாரி" என்று அவர் சொன்னால் பொய்யும் இல்லை, உண்மையும் இல்லை. அதனால் கேட் பெயரை விட்டுவிட்டு ஜோன் பெயரைப் பாருங்கள். கானா, கிஸ்லி, முக்கி, சர்ஹி இந்த நான்கும் கோர். கட்டியா, கபா, சிஜோரா என்றிருந்தால் பஃபர்.

மத்தியப் பிரதேச வனத்துறையின் ஆன்லைன் பதிவில் நீங்களே புக் செய்யலாம், ஏஜென்ட் கட்டாயமில்லை. ஒரு ஜிப்ஸிக்கு (சஃபாரி ஜீப்) ஆறு பேர். ஒவ்வொருவரின் பெயரும் அடையாள அட்டை எண்ணும் பர்மிட்டில் இருக்கும், அதே அட்டையின் அசலைக் கேட்டில் காட்ட வேண்டும். ஜிப்ஸி வாடகையும் கைடு கூலியும் பர்மிட் கட்டணத்தில் சேராது. "எல்லாம் சேர்த்து" என்று சொல்லும் ஏஜென்டிடம் இந்த மூன்றையும் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். புதன்கிழமை மாலை சஃபாரி கிடையாது, ஜூலை 1 முதல் செப்டம்பர் 30 வரை கோர் மூடியிருக்கும். இந்த நாட்களுக்குக் கோர் சஃபாரி விற்கிறவரிடம் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ரூமை எப்போதும் பர்மிட் கைக்கு வந்த பிறகே போடுங்கள். மும்பையிலிருந்து விதர்பா எக்ஸ்பிரஸில் கோந்தியா இறங்கினால் முக்கி பக்கம். ஜபல்பூர் வழியாக வந்தால் கட்டியா பக்கம்.

மானை அடையாளம் காணக் கொம்பைப் பாருங்கள். கடமானுக்கு ஒரு கொம்பில் மூன்று கிளைதான்: அடியில் ஒன்று, நுனியில் கவட்டை. பாரசிங்காவின் கொம்பு, அடியில் உள்ள ஒரு கிளையைத் தவிர, பாதி நீளத்தைத் தாண்டும்வரை கிளையில்லாமல் வளைந்து எழும்பி, அதற்குப் பிறகுதான் விரல் விரலாகப் பிரியும். இரண்டு கொம்பிலும் சேர்த்து எண்ணினால் பத்து முதல் பதினான்கு முனை வரும்.

ஏற்கெனவே பணம் கட்டி மாட்டிக்கொண்டவர்கள் பர்மிட் நகல், வாட்ஸ்அப் உரையாடல், பணம் அனுப்பிய ரசீது மூன்றையும் எடுத்து வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதியுங்கள். பர்மிட்டே போலி என்றால் தாமதிக்காமல் 1930, அது சைபர் மோசடிக்கான எண்.