சாவி கொடுக்க முடியாத வாட்ச்: ஆறு வருட அனுபவம்

அப்பாவிடம் ஒரு ஹெச்.எம்.டி ஜனதா இருந்தது. தினமும் காலையில் காபி குடித்ததும் சாவி கொடுப்பார். ஒரு கட்டத்துக்கு மேல் திருகாது, அதோடு விட்டுவிடுவார். "இன்னும் முறுக்குனா ஸ்பிரிங் அறுந்துடும்டா" என்பார். அந்தப் பழக்கத்தில்தான் 2019இல் சீகோ 5 (எஸ்.என்.கே 809) வாங்கிய அன்று நானும் திருகிப் பார்த்தேன். திருகு சுற்றிக்கொண்டே இருந்தது, நொடி முள் அசையவில்லை. பழுதான சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்றே நினைத்தேன்.

உண்மையில் அதற்குள் இருக்கும் 7எஸ்26 எந்திரத்துக்குக் கையால் சாவி கொடுக்கும் வசதியே கிடையாது. பின்பக்கக் கண்ணாடியில் பார்த்தால் அரைவட்டத் தகடு ஒன்று ஆடுவது தெரியும். அது எந்தப் பக்கம் சுழன்றாலும் ஸ்பிரிங் முறுக்கேறும். நின்றுபோன வாட்ச்சைப் படுக்கைவாட்டில் பிடித்து, மாவு சலிக்கிற மாதிரி அரை நிமிடம் நிதானமாக ஆட்டினால் போதும். டானிக் பாட்டிலைப் போல் குலுக்க வேண்டாம். முள் ஓடத் தொடங்கியதும் நேரம் வைத்துக் கையில் கட்டிவிட வேண்டும். ஆட்டியது கிளப்பிவிடத்தான், மீதி முறுக்கு நாம் நடந்து திரிவதில்தான் ஏறும். நன்றாக ஏறியிருந்தால் சுமார் 40 மணி நேரம் தாங்கும். வெள்ளி இரவு கழற்றி வைத்தால் ஞாயிறு மதியம் வரை ஓடும்.

2020 ஊரடங்கில் இதற்கும் சோதனை வந்தது. நாள் முழுக்கக் கட்டியிருந்தும் காலையில் நின்று கிடக்கும். இடது கை மேசையை விட்டு நகர்ந்தால்தானே! மாலையில் மொட்டைமாடியில் ஒரு மணி நேரம் நடக்க ஆரம்பித்த பிறகு சரியானது. எனக்கும் தொப்பை கொஞ்சம் குறைந்தது.

நான் செய்த பெரிய தப்பு வேறு. ஒருநாள் இரவு பத்தரைக்குத் தேதியை மாற்றினேன். இரவு 9 முதல் அதிகாலை 4 வரை தேதிச் சக்கரம் தானாக நகரும் நேரம், அப்போது கை வைக்கக் கூடாதாம். தேதி பாதியில் சிக்கி, ரிப்பேர் கடைக்கு அலைந்தேன். இப்போதெல்லாம் முள்ளை 6க்குக் கொண்டுவந்த பிறகே தேதியைத் தொடுகிறேன்.

2022இல் 4ஆர்36 எந்திரம் உள்ள இன்னொரு சீகோ 5 வாங்கினேன். இதற்குச் சாவியும் கொடுக்கலாம். திருகை இழுக்காமல், 12ஐப் பார்த்து மெதுவாகச் சுற்ற வேண்டும். முழுசாக ஏற 55 சுற்று பிடிக்கும். நான் இருபதோடு நிறுத்திக் கையில் கட்டிவிடுவேன். அதுவும் நின்றுபோன நாளில் மட்டும்தான்.

போன பொங்கலுக்கு அதை அப்பாவிடம் கொடுத்தேன். இப்படிக் கை அசைவில் தானாக முறுக்கேறும் ஆட்டோமேட்டிக் வாட்ச்சில் முறுக்கு நிறைந்ததும் ஸ்பிரிங்கின் முனை உள்சுவரில் வழுக்கிக்கொள்ளும், அதனால் ஜனதா மாதிரி எங்கும் முட்டி நிற்காது என்று சொல்ல மறந்துவிட்டேன். பத்து நிமிடம் கழித்து வந்து பார்த்தால், "இது எங்கதாண்டா நிக்கும்?" என்று இன்னும் திருகிக்கொண்டிருந்தார்.