டயாலிசிஸில் ஒயர்லெஸ் சென்சார்: 14 மாத அனுபவம்

வாரத்துக்கு 3 நாள், ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம். டயாலிசிஸ் ஆரம்பித்து எனக்கு இது 6-வது வருஷம். கடைசி 14 மாதமாக இரண்டு ஒயர்லெஸ் சென்சார் ஒட்டுகிறார்கள். ஒன்று நெஞ்சில், நாடித்துடிப்பைப் பார்க்க. இன்னொன்று ஃபிஸ்டுலா கையில் (டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ஆபரேஷன் செய்து ரத்தக் குழாய்களை இணைத்த கை), ஊசி குத்திய இடத்துக்கு மேல், ஈரம் பட்டால் சத்தம் போட. இரண்டும் நர்ஸ் மேஜைத் திரைக்குத் தகவல் அனுப்பும்.

எனக்கு முக்கியம் இந்த ஈர சென்சார்தான். மெஷின் நிமிஷத்துக்கு 300 மில்லி ரத்தத்தை ஓட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் திரும்பி வரும் ஊசி கழன்றுவிட்டால் மூன்றரை நிமிஷத்துக்குள் ஒரு லிட்டர் வெளியே போய்விடும். மெஷினில் அழுத்த அலாரம் உண்டு, ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது. குழாயில் காட்டும் அழுத்தத்தில் பெரும்பங்கு சன்னமான ஊசி வழியாக ரத்தத்தைத் தள்ளுவதால் வருவது. ஊசி வெளியே வந்த பிறகும் அந்த எண் அதிகம் இறங்காமல், மெஷின் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கலாம்.

9-வது மாதம் ஒரு நாள் கண் அசந்துவிட்டேன். அலாரம் கேட்டு விழிப்பதற்குள் நர்ஸ் போர்வையை விலக்கிவிட்டார். பிளாஸ்திரி ஒரு பக்கம் விட்டிருந்தது, பஞ்சில் பொட்டு அளவு சிவப்பு. ஊசி இருந்த இடத்திலேயே இருந்தது, ஓரத்தில் மட்டும் கசிவு. அவர் சரிசெய்து ஒட்டி முடிக்கும்வரை என் நெஞ்சு அடித்துக்கொண்டது.

நெஞ்சு பேட்ச் பாதி உதவி. பிபி கருவி அரை மணிக்கு ஒரு முறைதான் அளக்கிறது. பிபி அதற்கு நடுவிலும் இறங்கும். எனக்கு முதலில் கொட்டாவி வரும், பிறகு கெண்டைக்கால் இழுக்கும். நாடி ஏறுவதைத் திரையில் பார்த்தே பலமுறை நர்ஸ் வந்து பிபி பார்த்து, மெஷின் உடம்பிலிருந்து தண்ணீர் எடுக்கும் வேகத்தைக் குறைத்திருக்கிறார். பக்கத்து நாற்காலி அண்ணனுக்கு அப்படி இல்லை. துடிப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுகிறார், பிபி சரிந்தாலும் நாடி ஏறுவதில்லை. அந்த மாத்திரை எடுப்பவர்கள் இதை நர்ஸிடம் கட்டாயம் சொல்லி வையுங்கள்.

தொல்லைகளும் உண்டு. ஒருக்களித்துப் படுத்தால் உடம்பு மறைத்து சிக்னல் விட்டுப்போகிறது. இருமினால் எண் தாறுமாறாக ஓடுகிறது. வேர்த்தால் ஈர சென்சார் வீணாகக் கத்துகிறது. கிட்னி நோயாளிகளுக்கு ஏற்கெனவே தோல் வறண்டு அரிக்கும், பசை வேறு சேர்ந்தால் சொல்லவே வேண்டாம். இடம் மாற்றி ஒட்டச் சொன்ன பிறகு கொஞ்சம் பரவாயில்லை.

என்னை உண்மையில் பயமுறுத்துவது வேறு. ஒரு மணி நேரத்தில் மூன்று தடவை சும்மா கத்தினால், நாலாவது தடவைக்கு யாரும் அவசரமாக எழுந்து வருவதில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஒரே ஆள் எத்தனை நாற்காலிக்கு ஓடுவார்? வேர்வைக்கும் ரத்தத்துக்கும் வித்தியாசம் தெரிகிற சென்சார் வேண்டும்.

அதுவரை, எவ்வளவு குளிரினாலும் ஃபிஸ்டுலா கையை மட்டும் போர்வைக்கு வெளியே, நர்ஸ் கண்ணில் படுகிற மாதிரிதான் வைக்கிறேன்.