எரியும் மெக்னீசியத்தை அணைக்க மணலா, உப்பா?

காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953-இல் திறக்கப்பட்டது. மெக்னீசியத்தை மின்னாற்பகுப்பால் பிரித்தெடுக்கும் ஆய்வும் அங்கே நடந்திருக்கிறது. அந்த உலோகத்தின் நாடாவை வகுப்பில் எரித்துக் காட்டும் நாம், அதை எப்படி அணைப்பது என்பதையும் காட்டியாக வேண்டும்.

தண்ணீரைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. எரியும் மெக்னீசியம் நீரைச் சிதைத்து ஹைட்ரஜனை வெளிவிடுவதால் தீ சீறி எழும். ஆகவே அதைச் செய்து காட்டவே கூடாது. தாழ்வாரத்தில் தொங்கும் வழக்கமான பவுடர் சிலிண்டரும் உலோகத் தீக்கு உரியதன்று. கார்பன் டை ஆக்சைடு அணைக்காது என்பதை மட்டும், அவ்வாயு நிறைந்த சாடிக்குள் எரியும் சிறு நாடாவை இடுக்கியால் இறக்கிக் காட்டலாம்: சுடர் தொடரும், வெண்சாம்பலுக்கு நடுவே கரித்துகள்கள் கறுப்பாகப் படியும். சுடரை நேராக உற்றுப் பார்க்க மாணவர்களை விடக் கூடாது.

எஞ்சிய போட்டி மணலுக்கும் உப்புக்கும்தான். சிறு நாடாத் துண்டுக்கு உலர்ந்த மணல் போதும். ஆனால், ஐப்பசி மழையில் வராந்தாவில் கிடந்த வாளி மணல் மேலே காய்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருக்கும்; அந்த ஈரம் தண்ணீர் ஊற்றிய கேட்டையே விளைவிக்கும் என்பதால், மணலை முன்னதாகவே இரும்பு வாணலியில் நன்றாக வறுத்து, ஆறியதும் இறுக மூடி வைக்க வேண்டும். சூட்டில் மணலோடு வினைபுரிந்து மெக்னீசியம் சிலிசைடும் உண்டாவதால், எஞ்சியதில் அமிலம் பட்டால் தானே தீப்பற்றும் சிலேன் வாயு வெளிவரும்.

என் தேர்வு உப்பு. அது 801 டிகிரி செல்சியஸில் உருகி, உலோகத்தின் மேல் ஓடு போலப் படிந்து காற்றைத் தடுக்கிறது. சோடியத் தீக்கும் இது பொருந்தும், லித்தியத்துக்கு மட்டும் கிராஃபைட் தூளே ஏற்றது. இதற்குக் கல்லுப்பை அப்படியே அள்ளக் கூடாது. திருஷ்டி சுற்றி அடுப்பில் போட்ட உப்பு படபடவென்று வெடிப்பதை நம் வீடுகளில் யாரும் கேட்டிருப்பார்கள். படிகத்துக்குள் சிக்கிய நீர் ஆவியாவதே அதற்குக் காரணம். எனவே வெடிப்பு ஓயும்வரை வறுத்துப் பொடித்த உப்பை, நீண்ட காம்புக் கரண்டியால், வீசாமல், ஓரத்திலிருந்து மெதுவாகச் சரித்து மூட வேண்டும். வெளிச்சம் மறைந்ததும் குவியலைக் கிளறினால் காற்றுப் பட்டு மீண்டும் பற்றக்கூடும். முற்றிலும் குளிரும்வரை தட்டை யாரும் தொடக் கூடாது.