கோபே கே வரிசை டீசல் ஹேமர்கள்: ஒரு மதிப்பீடு

ஜப்பானின் கோபே ஸ்டீல் நிறுவனம் தயாரித்த கே வரிசை டீசல் ஹேமர்களை, கட்டுமானத்தைத் தாங்கும் நீண்ட அடித்தளத் தூண்களான பைல்களை மண்ணுக்குள் அடித்து இறக்குவதற்கென்று உருவான இயந்திரங்களில் மிகச் செம்மையானவற்றுள் ஒன்றாக மதிக்கிறேன். சொந்த நாட்டு நகரங்களிலேயே அவை வேலையிழந்து போனதற்குச் செய்நேர்த்திக் குறை காரணமல்ல என்பதையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

மாடலின் பெயரே எடையைச் சொல்லிவிடும். கே13 என்றால் உள்ளே ஏறி இறங்கி அடிக்கும் எடைக்கட்டையான ரேம் 1,300 கிலோ, கே35 என்றால் 3,500 கிலோ. கே150-இன் ரேம் 15 டன். முதல் அடிக்கு மட்டும் ரேமைத் தூக்கி விடுவித்தால் போதும். விழுகிற வழியிலேயே அது எரிபொருள் பம்பின் நெம்புகோலை அழுத்த, அடியிலுள்ள இரும்புப் பட்டடையின் குழியில் டீசல் பீய்ச்சப்படுகிறது. புகைத் துளைகளை ரேம் கடந்ததும் சிலிண்டருக்குள் அடைபட்ட காற்று அழுந்திச் சூடேறுகிறது. மோதலில் சிதறும் டீசல் அந்தச் சூட்டில் தீப்பற்றி, பைலைக் கீழே தள்ளி, ரேமை அடுத்த அடிக்காக மேலே எறிகிறது. நீராவி ஹேமரோடு வந்த கொதிகலனும் குழாய்களும் இங்கே தேவைப்படவில்லை என்பது சாதாரண முன்னேற்றமல்ல.

இந்த வரிசையில் என்னை மிகவும் கவர்ந்தது அதன் நீர்க்குளிர்ச்சி. ஜெர்மனியின் டெல்மாக் டி வரிசை காற்றில் குளிர்கிறது. டீசல் ஹேமர் அளவுக்கு மீறிச் சூடானால், மோதலுக்கு முன்பே எரிபொருள் பற்றிக்கொண்டு, விழும் ரேமுக்கு மெத்தை போல் ஆகிவிடும். சத்தம் குறையாது, பைல் மட்டும் இறங்காது. நெடுநேரம் நிறுத்தாமல் அடிக்கும் வேலையில் கோபேயின் நீருறை இந்தத் தொல்லையைத் தள்ளிப்போட்டது.

மென்களிமண்ணில்தான் இதன் இயல்பான பலவீனம் தெரியும். மண் எதிர்த்தால்தான் காற்று போதுமான அளவு அழுந்தும். பைல் வழுக்கிக்கொண்டு இறங்கினால் எரிபொருள் பற்றாமல் ஹேமர் நின்றுபோகும். ரேமை மறுபடி தூக்கிவிட வேண்டியதுதான்.

ஆனால் வரிசையைச் சாய்த்தது மண்ணல்ல, அக்கம்பக்கத்து வீடுகள். சில பத்து மீட்டர் தள்ளி நின்றாலும் இதன் ஓசை 90 டெசிபலைத் தாண்டும்; ஒவ்வொரு அடிக்கும் புகையும் எண்ணெய்த் துளிகளும் வெளியே தெறிக்கும். துவைத்த துணியைக் கொடியில் உலர்த்தியவர்களின் கோபம் முற்றிலும் நியாயமானது. ஜப்பானில் 1968-இல் வந்த ஓசைக் கட்டுப்பாட்டுச் சட்டமும் 1976-இல் வந்த அதிர்வுக் கட்டுப்பாட்டுச் சட்டமும் பைல் அடிப்பதைக் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தன. இன்று வேலைத்தள எல்லையில் ஓசைக்கு 85, அதிர்வுக்கு 75 டெசிபல் வரம்பாக உள்ளன. ஹேமர் முழுவதையும் மூடும் ஓசைத்தடுப்பு உறைகளைச் செய்து பார்த்தார்கள். உறை ஓசையைக் குறைக்கும். மண் வழியே பரவும் அதிர்வை அது என்ன செய்ய முடியும்? துளையிட்டுப் பைலை இறக்கும் முறைகளும், 1975-இல் ஜப்பானின் கோச்சி நகரைச் சேர்ந்த கிகென் நிறுவனம் உருவாக்கிய, அடிக்காமல் அழுத்தியே இறக்கும் இயந்திரமும், பின்னர் ஹைட்ராலிக் ஹேமர்களும் அந்த இடத்தை எடுத்துக்கொண்டன.

குடியிருப்பு இல்லாத இடத்தில், கெட்டியான மண்ணில் அடிக்க, நல்ல நிலையில் உள்ள பழைய கே35 கிடைத்தால் தயங்காமல் பரிந்துரைப்பேன். விவரப்பட்டியலில் உள்ள ஆற்றலை மட்டும் அப்படியே கணக்கில் எடுக்க வேண்டாம். பைலுக்குப் போய்ச் சேர்வது பெரும்பாலும் அதில் பாதிக்கும் குறைவு என்பதால், பைலின் தலைப்பகுதியில் உணரிகள் பொருத்தி அளந்த பிறகே அடி எண்ணிக்கையை முடிவு செய்ய வேண்டும்.