கிவா: வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளை மாற்றும் பள்ளித் திட்டம்

பின்லாந்தின் துர்க்கு பல்கலைக்கழகத்தில் கிறிஸ்டினா சால்மிவல்லி குழுவினர் உருவாக்கி, 2009 முதல் அந்நாட்டுப் பள்ளிகளில் பரவலாக்கப்பட்ட, பிள்ளைகள் சக பிள்ளைகளை வாட்டுவதைத் தடுக்கும் 'கிவா' திட்டத்தின் பெரும் பலம், ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையை ஏன் வாட்டுகிறது என்ற கேள்விக்கு அது தரும் நேர்மையான விடையில் இருக்கிறது. தாழ்வு மனப்பான்மையே காரணம் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். கிவாவோ, வகுப்பில் செல்வாக்குப் பெறுவதற்காகவே பலர் அப்படி நடக்கிறார்கள் என்றும், சுற்றி நின்று சிரிப்பவர்களே அந்தச் செல்வாக்கை வழங்குகிறார்கள் என்றும் கொண்டு, பாடங்களையும் கணினி விளையாட்டையும் அந்த வேடிக்கை பார்ப்பவர்களை நோக்கியே அமைத்திருக்கிறது. துன்புற்ற பிள்ளைக்குத் துணை நிற்குமாறு, வகுப்பில் மதிப்புள்ள சில மாணவர்களையே ஆசிரியர் தனியே அழைத்துக் கேட்டுக்கொள்வது எனக்கு மிகவும் பிடித்த அம்சம். பதின்ம வயதினரிடம் பலன் குறைவாகவே தெரிகிறது என்பது குறைதான். தொடக்க வகுப்புகளிலேயே தொடங்க விரும்பும் பள்ளிகளுக்கு மனமாரப் பரிந்துரைக்கிறேன்.