சிடைப்ஸோடு ஆறு வருடக் குடித்தனம்

பைத்தானிலிருந்து சி மொழி நூலகங்களைக் கூப்பிட சிடைப்ஸ் (ctypes) என்ற கருவியைப் பயன்படுத்த ஆரம்பித்து ஆறு வருடம் ஆகிறது. நான் எழுதியது மளிகைக் கிடங்கு ஒன்றின் எடை மேடைக்கான மென்பொருள். மேடையைச் செய்தவர்கள் கொடுத்தது விண்டோஸுக்கு ஒரு நூலகக் கோப்பு, லினக்ஸுக்கு ஒன்று, கூடவே அதிலுள்ள ஃபங்ஷன்களை அறிவிக்கும் ஒரு ஹெடர் கோப்பு, அவ்வளவுதான். மற்றதெல்லாம் பைத்தானில், என் பொறுப்பு. 2006இல் வந்த பைத்தான் 2.5 முதல் சிடைப்ஸ் பைத்தானோடு சேர்ந்தே வருகிறது. தனியாக எதையும் நிறுவ வேண்டாம், சி நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரும் வேண்டாம். சோம்பேறித்தனத்தால்தான் அதை எடுத்தேன், மறைக்க ஒன்றுமில்லை.

முதல் நாளே ஒரு பிழை வந்தது. ஒரு சி ஃபங்ஷனுக்கு 2.5 என்ற தசம எண்ணை அப்படியே கொடுத்தேன். இதை எப்படி மாற்றுவதென்று தெரியவில்லை என்று சொல்லி நின்றுவிட்டது. டபுள் (சியின் தசம எண் வகை) என்று சொல்லிக் கொடுத்ததும் ஓடியது. இப்படிக் கத்துகிற பிழைகளால் இத்தனை வருடத்தில் எனக்கு ஒரு நாள்கூட வீணாகியிருக்காது. வாய் திறக்காதவைதான் ஆளைப் படுத்தின.

உதாரணத்துக்கு, ரெஸ்டைப், அதாவது திரும்பி வரும் மதிப்பின் வகை. ஒரு ஃபங்ஷன் என்ன வகையைத் திருப்பித் தருகிறது என்று நாம் எழுதாவிட்டால், சிடைப்ஸ் அதை சாதாரண இன்ட் (முழு எண்) என்றே எடுத்துக்கொள்ளும். மேடையைத் திறக்கும் ஃபங்ஷன் தருவதோ 64 பிட் பாயிண்டர், அதாவது நினைவக முகவரி. இன்ட் 32 பிட். முகவரியின் மேல்பாதி சத்தமில்லாமல் வெட்டுப்படும். முகவரி 32 பிட்டுக்குள் அடங்குகிற நாளில் எல்லாம் ஓடும். அடங்காத நாளில் நிரல் மொத்தமும் விழும், பைத்தான் பிழைச் செய்திகூட வராது. அன்றிலிருந்து ஆர்க்டைப்ஸும் (உள்ளே போகும் மதிப்புகளின் வகைகள்) ரெஸ்டைப்பும் எழுதாமல் ஒரு ஃபங்ஷனையும் நான் தொடுவதில்லை.

ஆனால் என்னை நன்றாக ஏமாற்றியது லாங் என்ற முழு எண் வகைதான். ஹெடரில் 'லாங்' என்று இருந்தால் 64 பிட் லினக்ஸில் அது 8 பைட், 64 பிட் விண்டோஸில் 4 பைட். நான் நம்பை (NumPy, பைத்தானின் எண் வரிசை நூலகம்) வரிசை ஒன்றை இன்ட்64 என்று வகை சொல்லியே உருவாக்கி, அதன் முகவரியை வெறும் பாயிண்டராக அனுப்பினேன். என் லினக்ஸ் மடிக்கணினியில் பிரமாதம். கிடங்கில் இருந்த விண்டோஸ் கணினியில், எடைத் திருத்தப் பட்டியலில் ஒன்றுவிட்டு ஒன்று பூஜ்யமாக வந்தது. ஒவ்வொரு 8 பைட் எண்ணையும் அந்தப் பக்கம் இரண்டு 4 பைட் எண்களாகப் படித்திருக்கிறது. சின்ன எண் என்பதால் பின்பாதி பூஜ்யம். எனக்கு அது உறைக்கவில்லை. கேபிள் லூஸ் என்று முடிவு கட்டிப் புதுக் கேபிள் வாங்கி மாட்டினேன்! இதில் ஒரு வேடிக்கை. அன்று வகையே சொல்லாமல் விட்டிருந்தால் நம்பை விண்டோஸில் 32 பிட்டே எடுத்திருக்கும், தவறு தெரிந்திருக்காது. 2024இல் நம்பை 2.0 அந்த இயல்பை 64 பிட்டுக்கு மாற்றியபோது மாட்டியிருப்பேன். இப்போது ஆர்க்டைப்ஸில், வரிசையின் வகையைச் சரிபார்க்கும் நம்பையின் என்டிபாயிண்டரைப் போட்டு, வகையையும் அங்கேயே எழுதிவிடுகிறேன். தப்பான வரிசை போனால் உடனே கத்துகிறது.

அப்புறம் சரக்குப் பெயர்கள். பைத்தான் 3இன் ஸ்ட்ரிங்கை வகை சொல்லாமல் அனுப்பினால் அது அகல எழுத்தாக, லினக்ஸில் எழுத்துக்கு 4 பைட் வீதம் போகும். ஆங்கிலப் பெயர் என்றால் முதல் எழுத்து மட்டும் போய்ச் சேரும், அடுத்த பைட் பூஜ்யம் என்பதால். சரி, யூடிஎஃப்-8 குறியாக்கத்துக்கு மாற்றி அனுப்பினேன். அரிசி போனது, உளுந்து போனது. பச்சைப்பயறில் உடைந்தது. நம் கண்ணுக்கு அது ஏழு எழுத்து; யூனிகோடில் 11 குறிகள்; குறிக்கு 3 பைட் வீதம் 33 பைட். நூலகத்தில் பெயருக்கு ஒதுக்கியிருந்தது 32 பைட், அதில் கடைசி ஒன்று முடிவைக் காட்டும் பூஜ்யத்துக்கு. உகரக் குறி பாதியில் அறுந்து, திரும்பப் படிக்கும்போது பைத்தான் மறுத்துவிட்டது. இப்போது அனுப்புமுன் பைட்டை எண்ணி, முழு எழுத்தோடு வெட்டுகிறேன். இதற்கு சிடைப்ஸைக் குறை சொல்ல முடியாது. 32 போதும் என்று நினைத்தவர் தமிழில் பெயர் வரும் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார்.

பல மதிப்புகளை ஒன்றாகக் கட்டிவைக்கும் ஸ்ட்ரக்டில் ஒரே ஒரு முறைதான் அடிபட்டேன். ஒரு கேர், ஒரு இன்ட், ஒரு டபுள். வழக்கமான இடைவெளிகளோடு 16 பைட். மேடையைச் செய்தவர்கள் இடைவெளியே இல்லாமல் 13 பைட்டாக நெருக்கியிருந்தார்கள். ஹெடரின் மேலே ஒற்றை வரியில் எழுதியும் இருந்தது, நான்தான் படிக்கவில்லை.

இரண்டு வருடம் முன்பு எடை மேடைப் பகுதியை, இதே வேலைக்கான இன்னொரு கருவியான சிஎஃப்எஃப்ஐக்கு (CFFI) மாற்றினேன். சி அறிவிப்புகளை அப்படியே ஒட்டினால் போதும். ஏபிஐ முறையில், அதாவது இணைப்பை சி நிரலாகவே கம்பைல் செய்து கட்டினால் ஸ்ட்ரக்டின் அளவை சி கம்பைலரே சரிபார்க்கிறது. ஒரு பைட் இடத்தில் 300ஐப் போட்டால் சிடைப்ஸ் பேசாமல் 44 ஆக்கிவிடும். சிஎஃப்எஃப்ஐ கொள்ளாது என்று பிழை தருகிறது. எனக்கு இது ஒன்றே போதும். கட்டும்போது கம்பைலர் வேண்டும் என்பது தொல்லைதான்; விண்டோஸில் அதை ஏற்பாடு செய்யவே இரண்டு நாள் போனது.

ஐந்தாறு ஃபங்ஷன், வெறும் எண்கள் என்றால் இப்போதும் சிடைப்ஸையே சொல்வேன். ஸ்ட்ரக்ட் வந்துவிட்டால் சிஎஃப்எஃப்ஐ. லேபிள் அச்சடிக்கும் பகுதிக்கு ஒரு டிஎல்எல் (விண்டோஸ் நூலக) கோப்பு மட்டுமே கையில் இருக்கிறது, இணைக்கத் தேவையான லிப் கோப்பு கிடைக்கவில்லை. அதனால் அது மட்டும் சிடைப்ஸிலேயே ஓடிக்கொண்டிருக்கிறது.