சுகர்காரர்களுக்கான எம்.சி.ஆர். செருப்பு: அடி நல்லது, வாரைப் பார்த்து வாங்குங்கள்

மதுரையில் சுகர் நோயாளிகளுக்கு டாக்டர்கள் எழுதிக்கொடுக்கும் எம்.சி.ஆர். (மைக்ரோ செல்லுலார் ரப்பர்) செருப்பில் எல்லாரும் அமுக்கிப் பார்ப்பது அந்த மெத்தென்ற உள் ரப்பரைத்தான். அது பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. கோளாறு வாரில்.

தோலின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் மூடிக்கொள்ளச் சுமார் 32 மி.மீ. பாதரச அழுத்தம் போதும். இறுக்கிக் கட்டிய வார் அதைச் சுலபமாகத் தாண்டிவிடும். சுகரால் மரத்த காலுக்கு வலி தெரியாது. நாள் முழுக்க ரத்தம் போகாத இடம் செத்து, புண்ணாகி, கருத்துப்போகும். அதனால் கட்டைவிரல் இடுக்கில் பட்டை போகும் மாடலைத் தொடவே வேண்டாம். முன்பக்கம் அகலமான வெல்க்ரோ வார் வேண்டும். அதற்குள் விரலை விட்டுத் தடவுங்கள். தையல் முடிச்சோ வெல்க்ரோ முனையோ உறுத்தினால் வேறு ஜோடி கேளுங்கள். குதிகால் பட்டையும் அவசியம், உணர்ச்சி இல்லாத காலிலிருந்து செருப்பு கழன்றாலே தெரியாது. அடிப்பாகம் ஒட்டியதாக இருக்கட்டும், ஆணி கூடாது.

சாயங்காலம் போய் வாங்குங்கள், அப்போதுதான் கால் வீங்கியிருக்கும். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு செ.மீ. இடம் விடணும். முதல் நாள் ஒரு மணி நேரம் போதும். கழற்றியபின் அரை மணி நேரத்துக்கு மேல் சிவப்பு மறையாவிட்டால் அந்தச் செருப்பு ஆகாது. கட்டைவிரலால் அமுக்கிய குழி எழும்பாவிட்டால் ரப்பர் செத்துவிட்டது, மாற்றிவிடுங்கள்.

மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் எந்தச் செருப்பும் கிடையாது. சித்திரை வெயிலில் ஆடி வீதிக் கல் மரத்த காலைப் பொசுக்கிவிடும்; விடியற்காலையிலோ இருட்டிய பிறகோ போங்கள்.

ஆனால் இந்தச் செருப்பு அழுத்தத்தைத்தான் குறைக்கும், அடைத்த குழாயைத் திறக்காது. நடந்தால் கெண்டைச்சதை பிடித்து, நின்றால் விடுகிறதா? ராத்திரி விரல் வலித்து, காலைத் தொங்கப் போட்டால் குறைகிறதா? முதலில் காலின் ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் டெஸ்ட் பாருங்கள். கணுக்கால் பிரஷரைக் கை பிரஷரால் வகுத்தால் 0.9-க்குக் கீழே வருவது அடைப்பின் அடையாளம். சுகர்காரர்களுக்குக் குழாயில் சுண்ணாம்பு படிந்து 1.4-க்கு மேலேகூடக் காட்டும். அதை நல்ல ரிசல்ட் என்று நினைக்காமல், கால் விரலில் தனியாக பிரஷர் எடுக்கச் சொல்லுங்கள்.

விரல் ஏற்கெனவே கருத்திருந்தால் வெந்நீரில் ஊறவைப்பதும் பச்சிலை வைத்துக் கட்டுவதும் கூடாது. காய்ந்த கருப்பு ஈரமாகி நாற்றமடித்தால் கிருமி ஏறிவிட்டது, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும். கால் திடீரென்று வெளுத்து, சில்லிட்டு, தாங்க முடியாமல் வலித்தால் கையில் இருப்பது சுமார் 6 மணி நேரம்தான். ஒத்தடம் கொடுக்காமல், காலை உயர்த்தி வைக்காமல், நேராகப் பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.